சேவலுக்கும் மூன்று முட்டை: ஐரோப்பாவின் தசமபாகக் கதை

கோழிக்கு இரண்டு முட்டை, சேவலுக்கு மூன்று. இங்கிலாந்தின் சில ஊர்களில் ஈஸ்டரை ஒட்டி வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கோயிலுக்குச் செலுத்த வேண்டியிருந்த கணக்கு இது. சேவல் எந்த ஊரில் முட்டை போட்டது என்று கேட்காதீர்கள். வருஷம் முழுக்கக் கோழிகள் இட்ட முட்டைகளை எண்ணிப் பத்தில் ஒன்றை எடுத்துவைக்க யாராலும் ஆகாது. அதனால் தலைக்கு இவ்வளவு என்று ஊர் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. அந்த ஏற்பாட்டில் சேவலும் மாட்டிக்கொண்டது.

இந்த முட்டைக்குப் பெயர் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் பழகிய சொல்தான். இன்று அது மனமுவந்து உறையில் போட்டுக் கொடுப்பது. கொடுக்காவிட்டால் அதிகம் போனால் மனச்சாட்சி உறுத்தும். இடைக்கால ஐரோப்பாவில் கொடுக்காதவர் வீட்டுக்கு அரசனின் ஆள் வருவான். சொல் ஒன்றுதான், பொருள் வேறு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மேற்கு ஐரோப்பாவின் உழவர் ஒவ்வொருவரையும் தொட்ட கட்டாய வசூல் அது.

அந்தக் கால ஐரோப்பாவில் மதமும் அரசும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று விளக்க வருகிறவர்கள் வழக்கமாகப் போப்புக்கும் பேரரசருக்கும் நடந்த மோதலில் தொடங்குவார்கள். அது அரண்மனைக் கதை. வயலில் நிற்கும் பத்தாவது கதிர்க்கட்டைப் பின்தொடர்ந்து, அது யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தால் விஷயம் சுலபமாகப் பிடிபடும் என்பது என் எண்ணம்.

வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. இஸ்ரவேலில் லேவியர் கோத்திரத்துக்கு நிலம் கிடையாது. ஆலயப் பணிதான் அவர்கள் பங்கு. ஆகவே மற்றக் கோத்திரங்கள் விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒன்றை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இயேசுவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் இதைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ளவில்லை. கொடுத்தவர்கள் விருப்பப்பட்டுக் கொடுத்தார்கள். 585-இல் பிரான்சின் மாகோன் நகரில் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்)தான், தசமபாகம் தராதவரைச் சபையிலிருந்து விலக்குவோம் என்று தீர்மானித்தார்கள். அப்போதும் அது கோயிலின் மிரட்டல்தான். வாளைக் காட்டி வசூலிக்க ஆளில்லை.

வாள் வந்தது 779-இல். பிராங்கியர்களின் அரசர் சார்லமேன் ஹெர்ஸ்டால் என்ற இடத்தில் வெளியிட்ட ஆணை, எல்லோரும் தசமபாகம் கொடுக்க வேண்டும், ஆயரின் உத்தரவுப்படி அது பங்கிடப்பட வேண்டும் என்றது. அரசனுக்கு இதில் என்ன அக்கறை? பக்தி இருந்திருக்கலாம். கூடவே ஒரு பழைய கடனும் இருந்தது. சார்லமேனின் தாத்தா சார்ல்ஸ் மார்ட்டெல் காலத்திலிருந்தே கோயில் நிலங்களை எடுத்துப் படைவீரர்களுக்குக் கொடுப்பது நடந்துவந்தது. நிலத்தைத் திரும்பப் பிடுங்கினால் படை கலைந்துவிடும். கோயிலுக்கு வேறு வருமானம் காட்டியாக வேண்டும். அந்த வருமானத்தை உழவர்களின் களத்துமேட்டிலிருந்து காட்டினார்கள். அரசு கோயிலுக்கு வசூல் உரிமை தந்தது. கோயில் அரசனின் ஆட்சி கடவுளுக்கு உகந்தது என்று சொன்னது.

புதிதாக மதம் மாற்றப்பட்ட இடங்களில் இது எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வட ஜெர்மனியின் சாக்சன்களைப் போரில் அடக்கி, ஞானஸ்நானம் கொடுத்த கையோடு பத்தில் ஒன்றையும் கேட்டார்கள். சார்லமேன் அவையின் பெரிய அறிஞர் அல்குயின் 796 வாக்கில் எழுதிய கடிதங்களில் இதைக் கடிந்துகொள்கிறார். தசமபாகம் சாக்சன்களின் விசுவாசத்தையே கவிழ்த்துவிட்டது என்று பேச்சு என்கிறார். பிறவியிலேயே கிறிஸ்தவர்களான நாமே இதைக் கொடுக்க முணுமுணுக்கிறோம், நேற்று வந்தவர்கள் மேல் இந்தச் சுமையை ஏற்றலாமா என்பது அவர் கேள்வி. ராஜாவின் செல்லப் பண்டிதர் ஒருவரே இப்படிக் கேட்டிருக்கிறார் என்பதற்காகவே அந்தக் கடிதங்களை எனக்குப் பிடிக்கும்.

இங்கிலாந்தில் எட்கார் அரசர் (ஆட்சி 959–975) போட்ட சட்டத்தைப் பார்த்தால் 'கட்டாயம்' என்ற சொல்லின் கனம் தெரியும். ஒருவர் தசமபாகம் தர மறுத்தால் அவர் வீட்டுக்கு மூன்று பேர் போவார்கள்: அரசனின் அதிகாரி, ஆயரின் அதிகாரி, அந்தக் கோயிலின் பாதிரியார். விளைச்சலைப் பத்தாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு கோயிலுக்கு. அடுத்த பங்கு, ஒன்றே ஒன்று, உழவருக்கு. மிச்சம் எட்டில் நான்கு நிலப்பிரபுவுக்கு, நான்கு ஆயருக்கு. ஒன்றைத் தர மறுத்தவர் ஒன்பதை இழக்கிறார். படியேறும் அந்த மூன்று பேரைக் கவனியுங்கள். அரசனுடைய ஆள் ஒருவன், கோயிலுடைய ஆட்கள் இருவர், பின்னால் பங்குக்குக் காத்திருக்கும் நிலப்பிரபு. இடைக்கால அரசாட்சி என்பதை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இனி வயலுக்குப் போவோம்.

அறுவடை நாளில் கோதுமைக் கட்டுகளை வரிசையாக அடுக்குவார்கள். ஒன்பது கட்டு உழவருக்கு, பத்தாவது கோயிலுக்கு. பத்தாவதன் மேல் பச்சைக் கிளை ஒன்றைச் செருகி அடையாளம் வைப்பதும் உண்டு. கோயில் வண்டி வந்து அதைப் பார்த்து ஏற்றும். தசமபாகத்தைப் பிரித்துக் காட்டுமுன் தன் கட்டுகளை வீட்டுக்கு ஓட்டிப்போவது குற்றம். 1549-இல் வந்த ஆங்கிலச் சட்டம் அப்படிச் செய்தவரிடம் மும்மடங்கு வசூலிக்கச் சொன்னது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, கோயில் வண்டியைக் காணோம், கட்டுகள் வயலில் கிடக்கின்றன. களத்தில் நெல்லைப் போட்டுவிட்டு மழைக்குப் பயந்த யாருக்கும் அந்த வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

புதிதாகப் படிக்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பத்தில் ஒன்று என்றால் லாபத்தில் பத்தில் ஒன்று அல்ல, கண்டுமுதலில் பத்தில் ஒன்று. விதைக்கு எடுத்துவைப்பதற்கு முன், கூலி கொடுப்பதற்கு முன். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு படி விதைத்தால் நான்கு படி விளைவது சாதாரணம். நாற்பது கட்டு அறுத்தால் பத்து அடுத்த வருஷ விதைக்கே போய்விடும். கையில் நிற்பது முப்பது. கோயிலுக்கு நான்கு. கையில் நிற்பதிலிருந்து பார்த்தால் சதவீதம் பத்து இல்லை, பதின்மூன்றுக்கு மேல். நிலப்பிரபுவின் வாடகையும் அரசனின் வரியும் இதற்கு அப்பால்.

கதிரைப் பத்தாகப் பிரிக்கலாம், ஆட்டுக்குட்டியை? இதற்கும் இங்கிலாந்துத் திருச்சபை விதி எழுதி வைத்திருந்தது. ஆறு குட்டி வரை ஈன்றிருந்தால் குட்டிக்கு அரைப் பென்னி வீதம் காசாகக் கொடுத்துவிடலாம். ஏழு ஆகிவிட்டால் ஏழாவது குட்டி பாதிரியாருக்கு. ஆனால் பத்துக்கு மூன்று குறைகிறதே? அதற்காகப் பாதிரியார் மூன்று அரைப் பென்னியை உழவருக்குத் திருப்பித் தர வேண்டும். எட்டாவதை எடுத்தால் ஒரு பென்னி, ஒன்பதாவதை எடுத்தால் அரைப் பென்னி. ஆன்மாவைக் கரையேற்ற வந்தவர் தொழுவத்தில் நின்றுகொண்டு சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்கிறவரும் குட்டி எண்ணுகிறவரும் ஒரே ஆள் என்பதால் ஊருக்குள் அவர்மேல் இருந்த மரியாதை எப்போதும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டே இருந்தது.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பைரனீஸ் மலையடிவாரத்தில் அந்த முறுக்கு ஆபத்தாகவே முடிந்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாமியே நகர ஆயர் ஜாக் பூர்னியே (பிற்காலத்தில் இவரே பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற போப்) சமய விசாரணை நடத்தினார். அங்கே மலைக்கிராமத்தார் பலர் ஆட்டுக்குட்டி மீதான தசமபாகத்தைத் திட்டியதும் விசாரணை ஏட்டில் ஏறியிருக்கிறது. வசூலைக் குறை சொன்னவன் மதத்தையே மறுக்கிறானோ என்ற சந்தேகம் உடனே எழும். வரி ஏய்ப்பும் மதத்துரோகமும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்த காலம்.

சரி, வண்டி எங்கே போயிற்று?

ஏட்டளவில் கணக்கு அழகானது. தசமபாகத்தை நான்காகப் பிரித்து ஆயருக்கு ஒன்று, பாதிரியார்களுக்கு ஒன்று, கோயில் கட்டடத்துக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. சில இடங்களில் மூன்றாகப் பிரித்தார்கள். நடப்பு வேறு. ஊர்க் கோயிலைக் கட்டிய பிரபு, தான் கட்டிய கோயிலின் வருமானத்தைத் தன் சொத்தாகவே பார்த்தார். பிறகு அவரோ அவர் பேரனோ புண்ணியம் தேடி அந்த உரிமையை ஒரு துறவியர் மடத்துக்கு எழுதிவைத்தார். மடம் தொலைவில் இருக்கும். கோதுமை அங்கே போகும். ஊரில் பூசை வைக்க ஒரு கூலிப் பாதிரியாரை மடம் அமர்த்தும். 1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கமே (திருச்சபையின் பொதுக்கூட்டம்) இதைப் புலம்பலோடு பதிவு செய்திருக்கிறது: சில பகுதிகளில் ஊர்ப் பாதிரியாருக்குக் கிடைப்பது காலில் கால், அதாவது தசமபாகத்தில் பதினாறில் ஒரு பங்கு. அந்தப் பகுதிகளில் ஓரளவு படித்த பாதிரியார்கூடத் தங்குவது அரிது என்று சங்கம் வருந்தியது. தங்குவாரா?

ஆங்கிலேயத் திருச்சபையில் ரெக்டர், விகார் என்ற இரண்டு பதவிப் பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றின் வித்தியாசம் இங்கே பிறந்ததுதான். தானியம், வைக்கோல்புல், விறகு என்ற 'பெரிய தசமபாகம்' ரெக்டருக்கு. கம்பளி, குட்டி, முட்டை, தோட்டக் காய்கனி என்ற 'சின்ன தசமபாகம்' விகாருக்கு. ரெக்டர் ஒரு மடமாகவே இருக்கலாம். விகார் என்றால் 'பதிலாள்' என்றே பொருள். லாபமுள்ளது முதலாளிக்கு, ஒவ்வொரு வீடாய்ப் போய்க் கேட்டு வாங்க வேண்டிய தொல்லையுள்ளது பதிலாளுக்கு.

மடங்கள் சேர்த்த தானியத்தின் அளவு தெரிய வேண்டுமானால் இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் ஊரில் இன்றும் நிற்கும் களஞ்சியத்தைப் பார்க்கலாம். 14-ஆம் நூற்றாண்டில் ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துக்காகக் கட்டியது. நீளம் ஏறத்தாழ 51 மீட்டர், மேலே கல்லோட்டுக் கூரை. ஊர்க்காரர்கள் அதைத் தசமபாகக் களஞ்சியம் என்றே சொல்கிறார்கள். மடத்தின் சொந்தப் பண்ணை விளைச்சலும் அங்கேதான் குவிந்தது.

அரசர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்பெயினின் காஸ்டீல் அரசில், முஸ்லிம் அரசுகளோடு போர் என்ற காரணத்தைக் காட்டி, தசமபாகத்தின் ஒன்பதில் இரண்டு பங்கைப் போப்பின் அனுமதியோடு அரசர் எடுத்துக்கொண்டார். போர் முடிந்தது, அந்தப் பங்கு முடியவில்லை. 1501-இல் போப் ஆறாம் அலெக்சாண்டர், புதிதாகப் பிடிபட்ட அமெரிக்க நிலங்களின் தசமபாகம் முழுவதையும் ஸ்பெயின் அரசர்களுக்கே கொடுத்துவிட்டார். பதிலுக்கு அங்கே கோயில் கட்டிப் பாதிரியார்களைப் போஷிக்கும் பொறுப்பு அவர்களுடையது. கோயிலுக்காக அரசன் வசூலித்த காலம் போய், அரசனின் கஜானா வழியாகக் கோயில் சோறு தின்னும் காலம் வந்தது.

1525-இல் தென் ஜெர்மனியில் உழவர்கள் எழுந்தபோது மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகள் உருவாயின. தோலாடை தைக்கும் தொழிலாளி செபாஸ்டியன் லோட்சர் அவற்றை எழுதியதில் முக்கியமானவர் என்று கருதப்படுகிறார். கலகக்காரர்கள் என்றதும் தசமபாகமே வேண்டாம் என்று கேட்டிருப்பார்கள் என நினைப்போம். இரண்டாவது கோரிக்கையைப் படித்தால் அவர்கள் நிதானம் ஆச்சரியப்படுத்தும். தானியத் தசமபாகத்தைக் கொடுக்கிறோம், வேதத்தில் இருக்கிறது. ஆனால் நாங்களே தேர்ந்தெடுக்கும் போதகருக்கு அதிலிருந்து தேவையான அளவு போகட்டும். மிஞ்சியது ஊர் ஏழைகளுக்கு. அதற்கும் மேல் மிஞ்சினால் படைவரி வரும் நாளுக்கு வைத்துக்கொள்வோம், ஏழை மேல் சுமை விழாது. தசமபாக உரிமையை முறையாக விலைக்கு வாங்கியவர்களோடு பேசித் தீர்த்துக்கொள்வோம். கால்நடை மீதான சின்ன தசமபாகம் மட்டும் கொடுக்க மாட்டோம், ஏனென்றால் கடவுள் கால்நடையை மனிதனுக்கு இலவசமாகப் படைத்தார்.

மார்ட்டின் லூத்தர் இதற்குச் சொன்ன பதில் கடுமையானது. தசமபாகம் உங்களுடையது அல்ல, ஆள்வோருடையது, அதைப் பங்கிட நினைப்பது கொள்ளை என்றார். போப்பையே எதிர்த்து நின்றவர் பத்தாவது கட்டு விஷயத்தில் பிரபுக்கள் பக்கம் நின்றார். அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். தசமபாகம் என்பது அந்தக் காலத்துக்குள் மதக் கடமையிலிருந்து நழுவி, பத்திரம் எழுதி விற்கும் சொத்தாகியிருந்தது. சொத்தில் கை வைப்பது அவர் கண்ணில் பாவம். மே மாதம் பிராங்கன்ஹாவுசனில் உழவர் படை ஒன்று நசுக்கப்பட்டது. கோரிக்கைகள் காகிதமாகவே நின்றன.

சொத்தாகிவிட்டது என்பதற்கு இங்கிலாந்தை விடப் பச்சையான உதாரணம் இல்லை. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தார். மடத்து நிலத்தோடு மடங்களிடம் இருந்த தசமபாக உரிமையும் அரசன் கைக்கு வந்தது. அரசன் விற்றார்; பணமுள்ள பிரபுக்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஊர்களில் இனி பத்தாவது கட்டை ஏற்றிப் போனது சாமியார் இல்லை, பக்கத்து மாளிகைக்காரர். அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை, யார் சாவுக்கும் ஜெபம் சொன்னதில்லை. கோதுமை மட்டும் வந்துகொண்டிருந்தது. வாரிசுக்கு எழுதிவைக்கலாம், குத்தகைக்கு விடலாம், பெண்ணுக்குச் சீதனமாகவும் தரலாம்.

1618-இல் ஜான் செல்டன் என்ற சட்ட அறிஞர் தசமபாகத்தின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார். ஆவணங்களை அடுக்கி அவர் காட்டியதிலிருந்து புலப்பட்டது, இது நடைமுறையில் தெய்வக் கட்டளையாக வந்ததல்ல, மனிதர் போட்ட சட்டத்தாலும் வழக்கத்தாலும் வந்தது என்பது. திருச்சபை உயர்விசாரணைக் குழுவின் முன் நிறுத்தி அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், புத்தகமும் தடையானது.

இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்ஸின் தலையே வெட்டப்பட்ட பிறகாவது தசமபாகம் ஒழிந்திருக்க வேண்டாமா? 1653-இல், அரசரை வீழ்த்திய படைத்தலைவர் கிராம்வெல் கூட்டிய நாடாளுமன்றம் பக்திமான்களால் நிரம்பியது. அதன் உறுப்பினர் ஒருவரின் பெயரே 'பிரெய்ஸ்-காட் பேர்போன்', அதாவது தேவனைத் துதி பேர்போன். அவர் பெயராலேயே அந்த மன்றத்தைக் கேலியாக அழைத்தார்கள். டிசம்பர் 10 அன்று, கோயில் ஊழியர்களுக்கும் தசமபாகத்துக்கும் ஆதரவாக வந்த அறிக்கையின் முதல் பகுதி 56-க்கு 54 என்ற வாக்கில் தோற்றது. இரண்டே நாளில் மிதவாதிகள் அதிகாலையில் கூடி, ஆட்சியைக் கிராம்வெல் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். இன்று தசமபாகம் போனால் நாளை நிலவாடகை போகும், பிறகு நிலமே போகும் என்ற பயம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும் கடைசி வரை கொடுக்க மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து அவர்கள் மாட்டையும் பாத்திரத்தையும் தூக்கிப் போனார்கள், பலர் சிறையில் கிடந்தார்கள். அயர்லாந்தின் கத்தோலிக்க உழவர் நிலைமை இன்னும் விசித்திரம்: தான் ஒருநாளும் காலடி வைக்காத புராட்டஸ்டன்ட் கோயிலின் பாதிரியாருக்கு உருளைக்கிழங்கில் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிரான்சில் இதற்குப் பெயர் தீம். பத்தில் ஒன்று என்று பெயரே தவிர, பதினொன்றில் ஒன்று, பதின்மூன்றில் ஒன்று என ஊருக்கு ஊர் மாறியது. (அமெரிக்காவின் பத்து சென்ட் நாணயமான 'டைம்' இதே சொல்லின் பேரன்.) பெரும்பங்கை வெளியூர் மடங்களும் பேராலயங்களும் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பாதிரியாருக்கு ஒரு நிலையான படியை மட்டும் தந்தன. 1686-இல் ஆண்டுக்கு 300 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்), 1768-இல் 500, 1786-இல் 700. புரட்சி தொடங்கியபோது ஊர்ப் பாதிரியார்களில் பலர் ஏன் ஆயர்கள் பக்கம் போகாமல் பொதுமக்கள் பக்கம் போனார்கள் என்பதற்கு இந்த எண்கள் பாதி விடை.

1789 ஆகஸ்ட் 4 இரவு, தேசிய சபையில் பிரபுக்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தங்கள் பரம்பரை உரிமைகளைத் துறந்தார்கள். ஒரு வாரத்தில் அது சட்ட வடிவம் பெற்றபோது, கோயில் தசமபாகம் நஷ்டஈடு இல்லாமலே ஒழிக்கப்பட்டது. அபே சியெஸ், புரட்சிக்காரர்தான், பாதிரியாரும்கூட, இதை எதிர்த்தார். இவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும், நியாயமாக நடக்கத் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டார். தசமபாகத்தை ஒழித்தால் லாபம் உழவருக்குப் போகாது, நிலச்சொந்தக்காரருக்குத்தான் போகும் என்பது அவர் வாதம். சுயநலம் என்று அவரை ஏசினார்கள். 1790 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. இதுவரை தசமபாகமாகப் போன தொகையை நிலச்சொந்தக்காரர் குத்தகையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றது.